தனியார் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்: அடுத்த போராட்டத்துக்குக் கிளம்பும் முன்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக கிளினிக் நடத்துகிறவர்கள், இருபது முப்பது படுக்கைகளோடு நர்சிங் ஹோம் வைத்திருப்பவர்கள், பெரிய மருத்துவமனைகளில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்ப்பவர்கள் என்று தமிழ்நாட்டில் தனியார் துறையில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அமைச்சருக்கு எழுதலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அமைச்சர்களுக்குப் போன மனுக்கள் ஏராளம். ஆனால் இந்த நாட்டில் மருத்துவத்தைச் சீர்திருத்த எந்தச் சட்டம் வந்தாலும், அதை எதிர்த்து முதலில் தெருவுக்கு வருவது உங்கள் வெள்ளைக் கோட்டுதான். அதைப் பார்த்துத்தான் அரசும் பின்வாங்குகிறது. அதனால் பேச வேண்டியது உங்களிடம்தான் என்று தோன்றியது.

உங்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமில்லை. நீங்கள் வெயிலில் நின்று போராடும்போது அதன் பலன் யார் கணக்கில் ஏறுகிறது என்று உங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

2017இல் கர்நாடகத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்துக்கு அரசு வரம்பு வைக்க வழிசெய்யும் திருத்த மசோதா அங்கே வந்தது. நோயாளிக்கான உரிமைப் பட்டியல், புகாரை விசாரிக்க மாவட்ட அளவில் குழு, விதியை மீறினால் சிறை என்றெல்லாம் அதில் இருந்தன. நவம்பரில் பெலகாவியில் சட்டமன்றம் கூடியிருந்த நேரத்தில் டாக்டர்கள் அங்கே திரண்டார்கள். மாநிலம் முழுக்கத் தனியார் மருத்துவமனைகளில் புறநோயாளி பிரிவுகள் மூடிக் கிடந்தன. சிறைத் தண்டனைப் பிரிவைப் பார்த்து ஒரு சாதாரண டாக்டர் பயந்தது நியாயம்தான். அதை நீக்கச் சொல்லிப் போராடியிருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் என்ன ஆனது என்று பாருங்கள். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசின் காப்பீட்டுத் திட்டங்களில் வரும் சிகிச்சைகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. கையிலிருந்து பணம் கட்டிச் சிகிச்சை பெறுகிறவருக்குக் கட்டண வரம்பு எதுவும் இல்லை. கட்டண வரம்பு வந்திருந்தால் அதிகம் இழந்திருக்கக்கூடியது துமகூரில் பத்துப் படுக்கை வைத்திருக்கும் டாக்டரா, பெங்களூரில் பல நூறு படுக்கைகள் வைத்திருக்கும் நிறுவனமா?

ஆறு வருடம் கழித்து ராஜஸ்தான். 2023 மார்ச் 21 அன்று அங்கே சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் ஒரு மாநிலம் சுகாதார உரிமைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது அதுதான் முதல் முறை. அவசரத்தில் வருகிறவரிடம் முன்பணம் கேட்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும், அவரால் கட்ட முடியாவிட்டால் அரசு கொடுக்கும் என்பது அதன் முக்கியமான பிரிவு. எது அவசரம், அரசுப் பணம் எப்போது வரும் என்று டாக்டர்கள் கேட்டார்கள். நல்ல கேள்விகள். அவற்றுக்குச் சட்டத்திலேயே தெளிவான பதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் போராட்டம் தெளிவு கேட்கவில்லை, சட்டத்தையே திரும்பப் பெறச் சொன்னது. ஜெய்ப்பூரில் டாக்டர்கள் மீது போலீஸ் தண்ணீர் பீய்ச்சியடித்ததை நாடே பார்த்தது. அப்படி நடத்தியது தவறு. ஏப்ரல் 4 அன்று உடன்பாடு வந்தது. ஐம்பதுக்குக் குறைவான படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு என்றார்கள், அது சரி. அரசிடம் நிலமோ சலுகையோ வாங்காத மருத்துவமனைகளுக்கும் விலக்கு என்றார்கள். அப்படியென்றால் எத்தனை படுக்கை இருந்தாலும் சொந்தப் பணத்தில் கட்டியவருக்குக் கடமை இல்லை. சிறியவரின் பெயரைச் சொல்லிப் பெரியவரும் அதே கதவு வழியாக வெளியே போய்விட்டார். அந்த வருடக் கடைசியில் ஆட்சியும் மாறியது. விதிகள் வராமல் சட்டம் கிடப்பில் போனது.

அவசரச் சிகிச்சை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிருக்குப் போராடும் ஒருவருக்கு உடனே சிகிச்சை தரக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. பணத்தை யார் தருவது என்பதுதான் மீதிக் கேள்வி. அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்று கேட்பதில்லை. பட்டியலில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் இதில் இருக்கின்றன. ஜெய்ப்பூரில் எது நடக்கவே முடியாது என்று சொல்லிக் கடை அடைத்தார்களோ, அதன் ஒரு பகுதி இங்கே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது, உங்களில் பலரின் கைகளால். விபத்துக்கு முடிந்தது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பிரசவச் சிக்கலுக்கும் ஏன் முடியாது?

என் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை அருமையாக நடந்தது. அதைச் செய்த சர்ஜனை எங்கள் வீட்டில் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறோம். டிஸ்சார்ஜ் அன்று கையில் வந்த பில்லை வரி வரியாகப் படித்தேன். அறை வாடகை, பார்மசி, பிறகு ‘கன்சூமபிள்ஸ்’ என்ற ஒரே சொல்லுக்கு நேரே ஒரு பெரிய தொகை. அதற்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று கேட்டால் கவுன்டரில் இருந்த பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை, சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது என்றார். சர்ஜனின் கட்டணம் பில்லின் நடுவே ஒரு சின்ன வரி. வார்டுக்கு அவர் வந்தபோது தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன். பில் விவகாரம் எதுவும் தனக்குத் தெரியாது, அதை நிர்வாகம் பார்க்கிறது என்று சங்கடப்பட்டார். பொய் சொல்லவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. தன் பெயரை நம்பி வந்த நோயாளியிடம் என்ன வாங்குகிறார்கள் என்று அந்த டாக்டருக்கே தெரியாத நிலையைத்தான், கட்டண ஒழுங்குமுறையை எதிர்க்கும் ஒவ்வொரு போராட்டத்திலும் உங்கள் சுதந்திரம் என்ற பெயரில் காப்பாற்றிக் கொடுக்கிறீர்கள்.

‘கன்சூமபிள்ஸ்’ வரியில் என்ன இருக்கும் என்பதற்கு அரசு ஆவணமே உண்டு. டெல்லியிலும் அதைச் சுற்றியும் உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருந்துகளிலும், சிரிஞ்சு போல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள்களிலும் லாப விகிதம் 1,737 சதவீதம் வரை போனதாக அதில் இருந்தது. அந்த லாபத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது தயாரித்த நிறுவனமல்ல, மருத்துவமனை. மொத்தமாக வாங்கும் மருத்துவமனை, அதிக எம்.ஆர்.பி. அச்சடித்துத் தரச் சொல்கிறது. சட்டப்படி அது எம்.ஆர்.பி.க்குள்தான் விற்கிறது. அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டின் கதையும் இதேதான். 2017 பிப்ரவரியில் விலை வரம்பு வந்தபோது, அதுவரை சராசரியாக 1,21,400 ரூபாய்க்குப் போன மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. நல்ல ஸ்டென்ட் இனி இந்தியாவுக்கே வராது என்று அப்போது பயமுறுத்தினார்கள். சில பன்னாட்டு நிறுவனங்கள் சில ரகங்களைத் திரும்பப் பெற அனுமதியும் கேட்டன. இதய சிகிச்சை நின்றா போய்விட்டது? உங்களில் இதய மருத்துவர்களாக இருப்பவர்களே சொல்லுங்கள்.

பெரிய மருத்துவமனைகள் இப்போது யாருடையவை என்பதும் முக்கியம். 2023இல் மணிப்பால் மருத்துவமனைகளின் பெரும்பான்மைப் பங்கை சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு கேர் மருத்துவமனைகளை அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் வாங்கும் ஒப்பந்தம் வந்தது. முதலீடு வருவதில் தவறில்லை என்பார்கள். ஆனால் பங்குச் சந்தையில் இருக்கும் மருத்துவமனைக் குழுமங்களின் காலாண்டு அறிக்கைகளை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். நோயாளி நிரம்பிய ஒரு படுக்கை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு வருவாய் தருகிறது என்று ஒரு கணக்கு அதில் இருக்கும். அது ஏறினால் முதலீட்டாளர் கைதட்டுவார், இறங்கினால் ஏன் என்று கேட்பார். நோயாளி சீக்கிரம் குணமானாரா, திரும்ப வந்து சேர வேண்டியிருந்ததா என்பதற்கு அந்த அளவு முக்கியத்துவம் இல்லை. அங்கே வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு மாதாந்திரக் கூட்டத்தில் ‘டார்கெட்’ என்று ஒன்று நீட்டப்படுவது இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்பி வருகிறது. வெளிநோயாளியாக வந்தவர்களில் எத்தனை பேரை அட்மிஷன் ஆக்கினீர்கள், எத்தனை ஸ்கேன் எழுதினீர்கள் என்ற கேள்விகளை உங்களில் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சிறிய கிளினிக் வைத்திருப்பவருக்கு வேறு விதமான நெருக்கடி. பெரிய மருத்துவமனையின் மார்க்கெட்டிங் ஆள் வருகிறார். நோயாளியை அனுப்பினால் இவ்வளவு என்கிறார். பரிந்துரைக்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது. வாங்க மறுக்கும் டாக்டரின் நோயாளியும் அதே ஸ்கேனுக்கு அதே தொகையைத்தான் கட்டுகிறார். கமிஷன் பேச ஆள் அனுப்பும் அதே குழுமம்தான் பக்கத்துத் தெருவில் கிளை திறந்து உங்கள் நர்சிங் ஹோமை விலைக்கும் கேட்கிறது. விதிகள் வரும்போது மட்டும் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார்கள்.

அரசியல்வாதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அவர்கள் உங்களைவிடப் பெரிய பொறுப்பாளிகள். மத்திய அரசின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010இல் வந்தது. கட்டணம் அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று 2012 விதிகள் சொல்கின்றன. பன்னிரண்டு வருடம் அந்த வரம்பை யாரும் நிர்ணயிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்க வேண்டி வந்தது. மாநிலங்கள் பதில் தரவில்லை என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. நம் கதை அதைவிட மோசம். தமிழ்நாடு தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது 1997இல். அதற்கான விதிகள் வந்தது 2018இல். இடையில் இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. ஒரு சட்டத்துக்கு விதி எழுத இருபத்தோரு வருடம் ஆனதைக் கேட்டு ஒரு தேர்தல் மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இந்தத் தாமதத்தால் லாபம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்சிகளுக்கு நன்கொடை தர வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பு வந்து, அடுத்த மாதம் பட்டியல் வெளியானபோது, வாங்கியவர்களில் மருந்து நிறுவனங்களும் மருத்துவமனைக் குழுமங்களும் இருந்தன. கொடுத்ததற்கு இதுதான் கைம்மாறு என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் வேண்டும். ஆனால் யாரை ஒழுங்குபடுத்த வேண்டுமோ அவரிடமிருந்தே ரகசியமாகப் பணம் வாங்கலாம் என்ற ஏற்பாடு ஆறு வருடம் சட்டப்படி இருந்தது. அந்த ஆறு வருடத்தில் கட்டண வரம்பு வராததில் ஆச்சரியப்பட எனக்கு எதுவுமில்லை.

இன்னொன்றும் நடந்தது. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய ஒழுக்க விதிகளை வெளியிட்டது. பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப் பெயரை (ஜெனரிக்) எழுத வேண்டும், மருந்து நிறுவனங்கள் செலவு செய்யும் கருத்தரங்குகளுக்குப் போகக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. ஆகஸ்ட் 23 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றே வாரம். எதிர்த்தவர்களில் உங்கள் இந்திய மருத்துவச் சங்கமும் இருந்தது. எல்லா ஜெனரிக் மருந்தின் தரத்தையும் நம்ப முடியாது என்ற உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. தரம் பார்க்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அது சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் கருத்தரங்கு விருந்துக்கும் மாத்திரையின் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நிறுத்தியதில் லாபம் யாருக்கு?

இதெல்லாம் சேர்ந்து நம்மை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது? 1946இல், நாட்டின் சுகாதாரத்தை ஆராய அமைக்கப்பட்ட ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு தன் அறிக்கையில் பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று எழுதியது. 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு சுகாதாரத்துக்குச் செலவிடும் என்றது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021–22இல் அது 1.84 சதவீதம்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது. முன்பு இது அறுபதுக்கு மேல் இருந்தது, குறைந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நகையை அடகு வைத்துவிட்டு வந்து உங்கள் முன்னால் உட்காருகிறவருக்குச் சராசரி எதற்கு?

இதை மாற்ற முடியாது என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் நாமே ஒருமுறை மாற்றிக் காட்டியிருக்கிறோம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக, வெளிப்படையான டெண்டரில், பொதுப் பெயரில் வாங்கினார்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்துத் தரம் சோதித்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் இருக்கும் தொகைக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ள வைத்தார்கள். பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இந்த வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. ஜெனரிக் மருந்தின் தரத்தை எப்படி உறுதி செய்வது என்ற உங்கள் கேள்விக்கு முப்பது வருடமாக இங்கேயே ஒரு விடை நடைமுறையில் இருக்கிறது.

டாக்டர்கள் எதிர்த்து, பிறகு தாங்களே காவலாக மாறிய கதைகளும் உண்டு. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 1962 ஜூலை 1 அன்று பொது மருத்துவக் காப்பீடு தொடங்கியது. அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 23 நாள் நீடித்தது. அரசு டாக்டர்களைக் கூலிக்காரர் ஆக்கப்போகிறது, நோயாளியின் ரகசியம் போய்விடும் என்றெல்லாம் பிரசாரம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆதரவும் அவர்களுக்கு இருந்தது. கடைசியில் சாஸ்கடூன் உடன்பாடு வந்தது. டாக்டர்கள் அரசுச் சம்பளக்காரர் ஆகவில்லை. செய்த சிகிச்சைக்குக் கட்டணம் என்ற முறை அப்படியே தொடர்ந்தது, நோயாளிக்குப் பதில் அரசு கொடுத்தது. பத்தாண்டுக்குள் அது கனடா முழுக்கப் பரவியது. 2006இல் அங்கே டாக்டர்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், பொதுக் காப்பீட்டைத் தனியார்மயத்திடமிருந்து காப்பாற்ற.

அமெரிக்காவில் வேறு மாதிரி போனது. 1961இல் முதியோருக்கான அரசுக் காப்பீட்டை எதிர்த்து அந்த நாட்டு மருத்துவச் சங்கம் ஒரு வேலை செய்தது. அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகனைப் பேச வைத்து இசைத்தட்டாகப் பதிவு செய்து, டாக்டர்களின் மனைவிமாரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைத்து அதைப் போட்டுக் காட்டி, நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத வைக்க வேண்டும். டாக்டர் குடும்பத்தின் மீது அக்கம்பக்கத்தார் வைத்திருந்த மரியாதைதான் அங்கே பயன்படுத்தப்பட்டது. 1965இல் முதியோருக்கான காப்பீடு எப்படியோ நிறைவேறிவிட்டது. எல்லோருக்குமான காப்பீடு இன்றுவரை வரவில்லை. டாக்டர்கள் அன்று தடுத்து நிறுத்திய இடத்தில் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. இன்று அங்கே ஒரு ஸ்கேன் எழுதக்கூட டாக்டர் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறார். தன் சுதந்திரத்தை அரசிடமிருந்து காப்பாற்றப் போராடியவர்கள் அதை ஒரு நிறுவனத்திடம் பறிகொடுத்தார்கள்.

உங்கள் பயங்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது, ஒரு பதிவைப் புதுப்பிக்கப் பல துறைகளின் படியேறி ஒவ்வொரு மேசையிலும் நிற்பது, நோயாளி இறந்துபோனால் உறவினர்கள் கையோங்கி வருவது எல்லாமே நிஜம். தாக்குதலைத் தடுக்க 2008லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருந்தும் அது சரியாகப் பயன்படுவதில்லை. இவற்றுக்காக நீங்கள் தெருவில் இறங்கினால் நோயாளிகளாகிய நாங்களும் வருகிறோம். அரசு பணம் தர இத்தனை நாள் என்று கெடு, தாண்டினால் வட்டி என்று கேளுங்கள். சிறிய கிளினிக்குக்கு ஒரு விதி, பல நூறு படுக்கை நிறுவனத்துக்கு வேறு விதி என்று கேளுங்கள். ஆனால் அப்புறம் பெரிய மருத்துவமனைகளின் கட்டணத்தை வாசலில் எழுதி வைக்கச் சொல்லும் விதி வந்தால், அதை எதிர்த்துக் கோட்டுப் போட்டுக்கொண்டு வராதீர்கள். அந்தச் சண்டையை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

நம் ஊரிலேயே சமூக சமத்துவத்துக்கான டாக்டர்கள் சங்கம் போன்ற அமைப்புகள் பல வருடமாக இந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கையில் அவர்கள் குறைவு. உங்களில் பெரும்பாலானவர்கள் பேசாமல் இருப்பதுதான் காரணம்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உங்கள் சங்கக் கிளையின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஐம்பதுக்கு மேல் படுக்கைகள் உள்ள மருத்துவமனைகள் சிகிச்சைவாரியாகக் கட்டணத்தையும், ‘கன்சூமபிள்ஸ்’ பட்டியலை வாங்கிய விலையோடும் வெளியிட வேண்டும், 48 மணி நேரத் திட்டத்தை எல்லா அவசரச் சிகிச்சைக்கும் விரிக்க வேண்டும், அந்தப் பணம் குறித்த நாளுக்குள் டாக்டர் கைக்கு வர வேண்டும் என்று அதில் எழுதுங்கள். ஒரு கிளை நிறைவேற்றினாலும் போதும். அதன் நகலோடு எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்க நாங்கள் போகிறோம். டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் இதுவரை எங்களுக்குப் பதில் வந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
உங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஒருவன்